மேல்பீலிக்காரி

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியை நடந்து கடக்கும் வேலை இல்லாமல் போயிருந்தது. வெள்ளைக்காரர்கள் எல்ல, பண்டாரவளைப் பக்கம் மறுபடியும் வரத் தொடங்கியிருந்தார்கள். மடுல்சீமைக்கு மேலே பாலனூர்த் தோட்டத்தின் பழைய பங்களாவில் அயர்லாந்து விழா ஒன்று நடக்கப்போகிறது, அதில் தமிழில் கதை வாசிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, யாரோ பகிடி விடுகிறார்கள் என்றுதான் துவாரகா நினைத்தாள்.

சொன்னவர் நப்ரீஸ். பதுளைக் கடைத்தெருவில் கூடாரம், கதிரை, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர்.

"பகிடி இல்ல டீச்சர். கதை வாசிக்கிறது, பிறகு பியர் குடிச்சுப் பார்க்கிறது. ஒவ்வொரு கதைக்கும் ஒவ்வொரு பியர். அந்த வெள்ளைக்காரரே காய்ச்சுறாராம்."

"நீங்கள் போறியளோ நானா?" அவரை அண்ணன் முறையில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மைக் குடுக்கிறதுக்கு மட்டும். எனக்கு இஞ்சித் தண்ணி காய்ச்சித் தாறதா அவரே சொல்லியிருக்கார்."

துவாரகா பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தாள். அப்பா அரசாங்கக் கச்சேரி வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவள் பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவள். இவ்வளவு காலம் இருந்தும் மடுல்சீமைக்கு மேலே அவள் போனதில்லை. போக ஒரு காரணம் இருந்ததுமில்லை. அந்தச் சனிக்கிழமை நப்ரீஸின் வான் வண்டியில் பசறை தாண்டி, வளைவு வளைவாக ஏறும் பாதையில் போகும்போது, வந்ததற்காக அவள் வருந்தவில்லை.

பங்களா வாசலில் நின்றவர் பெயர் கோர்மாக் டூலன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உயரமான ஆள், ஆனால் உடுப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது, வேறு யாருடையதையோ போட்டதுபோல. நூறு வருடங்களுக்கு முன் இந்தத் தோட்டத்தை நடத்திய டூலன் துரை, கோர்மாக்கின் தாத்தாவுக்குத் தம்பி. தன் ஊர்ப் பெயரான பலினூரைத் தோட்டத்துக்கு வைத்தவர் அவர்தான். தோட்டத்துச் சனங்கள் வாயில் அது பாலனூர் ஆயிற்று. பகலில் தேயிலை, இரவில் எழுத்து என்று வாழ்ந்தவராம். தன் ஊரில் சொல்லப்பட்ட கதைகளை ஞாபகத்திலிருந்து எழுதி ஊருக்கு அனுப்பினார். அவை சின்னப் புத்தகமாக அச்சாயின. ஊருக்குத் திரும்பிப் போகாமல், காய்ச்சலில் இங்கேயே செத்து, பங்களாவுக்குக் கீழே புதைக்கப்பட்டார்.

"எங்கள் ஊரில் வருடம் தவறாமல் விழா எடுப்போம்" என்றார் கோர்மாக். "அந்த மண்ணில் பிறந்து எழுதியவர்களின் கதைகளை ஊர்க்காரர்களே வாசிப்பார்கள். ஒவ்வொரு கதையின் குணத்துக்கும் ஏற்ற பியரை நான் காய்ச்சுவேன். அவர் கதையை அவர் எழுதிய இடத்திலேயே ஒருமுறை வாசிக்கவேண்டும் என்று ஆசை. அவருக்காக உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பாஷையில்."

ஹோட்டலாக மாறியிருந்த பங்களாவின் பின்கட்டில் அவருடைய பானைகளும் பீப்பாய்களும் இருந்தன. வாற்கோதுமை ஊறும் வாசம், பேக்கரியில் பாண் வேகும் வாசம்போல முற்றம் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு பீப்பாயில் தேயிலைக் கொழுந்து சேர்த்த பியர். இன்னொன்றில் கறுவாப்பட்டை. இன்னொன்றில் கித்துள் பனையின் பாணி. மூலையில் தனியாக ஒன்று.

"இது கடைசிக் கதைக்கு" என்றார். "கறுப்பு. இதற்கு மட்டும் வேறு தண்ணீர். மேலே மலையிலிருந்து எடுத்தேன்."

விழாவுக்கென்று நப்ரீஸ் முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்த ஐந்து கதைகளையும் துவாரகா ஏற்கெனவே தமிழாக்கி வைத்திருந்தாள். தோட்டத்துச் சனங்களின் காதுக்குப் பொருந்துமா என்று ஒருவரிடம் வாசித்துக் காட்ட விரும்பினாள். தனலெட்சுமியைப் பாருங்கள் என்றார்கள்.

தனலெட்சுமி கொழுந்து பறிக்கிறவள். மாதர் சங்கத் தலைவி. சாவு வீடுகளில் அவள் ஒப்பாரி எடுத்தால் ஊரே அடங்கிவிடும் என்று சொன்னார்கள். தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில், உரச் சாக்கை விரித்து உட்கார வைத்து, பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஏன் டீச்சர், கதை சொல்றதுக்குச் சாராயம் எதுக்குங்க?"

"சாராயம் இல்லை. பியர். சும்மா ருசி பார்க்கிறதுக்குத்தான்."

"எங்க வீட்டுக்காரரும் ருசி பாக்கத்தான் ஆரம்பிச்சாரு. கள்ளக் கசிப்புல முடிஞ்சுபோச்சு." அவள் குரலில் அழுகையோ கோபமோ இல்லை. "நாங்க வர்றோம். ஆனா ஊத்திக் குடுக்கிறது எங்க சங்கத்துப் பொம்பளைங்க. ஒரு ஆளுக்கு ஒரு கதைக்கு இந்தச் சின்னக் கிளாசு. மறுபடி கேட்டா இல்லேன்னுருவோம். தொரைகிட்ட சொல்லிருங்க."

கோர்மாக் அந்த நிபந்தனையைக் கேட்டு மகிழ்ந்தே போனார். அடுத்த வாரம் துவாரகா மீண்டும் போய்க் கதைகளை வாசித்தாள். முட்டாள் சகோதரர்கள் கதைக்குத் தனலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருந்த பெண்ணின் கதைக்கு 'உச்' கொட்டினாள். கடைசிக் கதையைத் துவாரகா தொடங்கினாள்.

"அந்தக் குடும்பத்தில் யாராவது சாகப்போகிறார்கள் என்றால், முதலில் அவளுக்குத் தெரியும். தண்ணீர்க் கரையில் உட்கார்ந்து, நரைத்த நீளக் கூந்தலை அவள் சீவிக்கொண்டிருப்பாள்..."

தனலெட்சுமியின் கையிலிருந்த குவளை நின்றது.

"சீவிட்டே அழுவா" என்றாள் அவள். "பேரு சொல்லி அழுவா. வழியில அவ சீப்பு கெடந்தா கையால தொடக்கூடாது. தொட்டா வாங்க வருவா."

துவாரகா தாளைப் பார்த்தாள். அடுத்த வரி அதுதான்.

"உங்களுக்கு இந்தக் கதை எப்பிடித் தெரியும்?"

"இது கதையா டீச்சர்? மேல்பீலிக்காரிங்க அவ." தனலெட்சுமி தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் மலையைக் காட்டினாள். மூங்கில் குழாய் வழியாக ஊற்றுநீர் விழும் இடத்தைத் தோட்டத்தில் பீலி என்பார்கள். லயத்துக்கு இரண்டு பீலிகள் உண்டு. கீழ்ப்பீலியில்தான் எல்லாரும் தண்ணீர் எடுத்தார்கள். "அந்தப் பக்கம் நாங்க போறதில்ல. எங்க மாமியா சாவறதுக்கு முந்தின நாள் கொழுந்து மலையில நின்னு நானே கேட்டேன்."

"இது அயர்லாந்துக் கதை. அந்தத் துரை தன்ரை ஊரிலை கேட்டதெண்டு எழுதியிருக்கிறார்."

தனலெட்சுமி குவளையைக் கீழே வைத்தாள். "அப்ப தொரைகூட வந்திருப்பா. அவரு செத்ததும் திரும்பிப் போக வழி தெரியாம நின்னுட்டா போல. எங்க ஆளுங்களும் அப்படித்தான வந்து நின்னுட்டாங்க." பிறகு மெதுவாக, "நூறு வருசமா எங்க சாவுக்குத்தான் அழுதுகிட்டு இருக்கா" என்றாள்.

துவாரகாவுக்குக் கை மயிர் சிலிர்த்தது. திரும்பி வரும் வழியில் அதைப் பற்றி நப்ரீஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எடுத்தபோதெல்லாம், இரண்டு நாட்டுக்காரர்களுக்கு ஒரே மாதிரி ஒரு கதை இருப்பது அப்படி ஒன்றும் அதிசயமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

விழா நாளன்று காலையில் நல்ல வெயில். பதுளையிலிருந்து ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், பண்டாரவளையில் தங்கியிருந்த சில வெள்ளைக்காரர்கள், லயங்களிலிருந்து குழந்தை குட்டியோடு சனங்கள் எல்லாரும் பங்களா முற்றத்தில் கூடினார்கள். கூடாரத்தின் ஓரமாக நீட்டு மேசை. அதன் பின்னால் மாதர் சங்கப் பெண்கள் நல்ல சேலை உடுத்து, பீப்பாய்களுக்குக் காவலாக நின்றார்கள். ஒவ்வொரு கதையையும் முதலில் கோர்மாக் ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு துவாரகா தமிழில். பிறகு சின்னக் கிளாஸ்கள் சுற்றி வந்தன. தேயிலை பியரைக் குடித்த கங்காணி ஒருவர், "காலம் பூரா இந்த எலையோட கெடந்தேன், இப்பிடி ஒரு ருசி இருக்குன்னு எவனும் சொல்லல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு இஞ்சிப் பானம். நப்ரீஸ் அதில் நாலைந்து கிளாஸ் குடித்துவிட்டு ஒலிபெருக்கிப் பெட்டியருகே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

நாலாவது கதை முடிந்தபோது மூடுபனி இறங்கியது. மடுல்சீமையில் அது புதிதல்ல. பின்னேரம் ஆனால் மலை காணாமல் போவது வழக்கம். ஆனால் அன்றைக்கு அது மலையிலிருந்து இறங்கி, முற்றத்து ஓரத்தில், வேலி போட்டதுபோல நின்றுவிட்டது. கூடாரத்துக்குள் மட்டும் வராமல் நின்றது.

கோர்மாக் கறுப்பு பியரை ஊற்றச் சொன்னார். இந்தக் கதைக்கு மட்டும், முதலில் குடித்துவிட்டுக் கேட்கவேண்டும் என்றார். கிளாஸை வாங்கியவர்கள் ஒரு வாய் வைத்தார்கள். துவாரகா நாக்கு நனைகிற அளவு குடித்துப் பார்த்தாள். முதலில் வறுத்த கோப்பிக்கொட்டையின் கசப்பு. பிறகு உப்பு. அழுது முடிந்தபின் உதட்டில் இருக்குமே, அந்த உப்பு.

"இதில் உப்புப் போட்டீர்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"இல்லை" என்றார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லாததை அவள் கவனித்தாள்.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மேசை மேல் விரித்தார். உள்ளே ஒரு சீப்பு. மாட்டுக்கொம்பில் செய்ததுபோல மங்கல் மஞ்சள், பற்கள் நீளம். வெகுநேரம் கைக்குட்டைக்குள் இருந்தும் அது நனைந்திருந்தது. அதைச் சுற்றி மேசைத் துணியில் ஈரம் பரவியது.

"எங்கே எடுத்தீர்கள்?"

"மேல் பீலியில். இன்று காலையில் மறுபடியும் போனபோது." அவர் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

துவாரகா பீப்பாய்ப் பக்கம் திரும்பித் தனலெட்சுமியைத் தேடினாள். அவள் முதுகைக் காட்டியபடி கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே கோர்மாக் முடித்து மைக்கை அவள் கையில் கொடுத்தார். முன்னால் இவ்வளவு சனம். அவள் வாசித்தாள்.

பாதிக்கு வரும்போது ஒலிபெருக்கி கீச்சிட்டது. மைக் சில நேரம் அப்படிக் கத்தும். பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். துவாரகா மைக்கைத் தள்ளிப் பிடித்தாள். சத்தம் நிற்கவில்லை. கீச்சொலி தணிந்து, நீண்டு, ஏறி இறங்கி, மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியபின் மறுபடியும் எழுந்தது.

நப்ரீஸ் எழுந்து நின்றார். அவர் கையில் பிடுங்கிய வயர் தொங்கியது.

"டீச்சர், நான் நிப்பாட்டிட்டேன்" என்றார். "வயரையும் கழட்டிட்டேன் டீச்சர். அல்லாஹ்வே, இது என்ட பெட்டியில இருந்து வாற சத்தமில்ல."

அது மூடுபனிக்குள்ளிருந்து வந்தது. ஒரு பெண் அழுதாள். சின்ன வயதுமில்லை, கிழவியுமில்லை. அவ்வளவு துக்கத்தை ஒரே குரலில் துவாரகா அதற்கு முன் கேட்டதில்லை. சொல் ஒன்று வரப்போவதுபோல இருந்தது. வந்து, சொல்லாகாமல் உடைந்தது. கூடாரத்தில் ஒருவரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு தாய், குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு லயத்தை நோக்கி ஓடினாள். அதோடு எல்லாரும் எழுந்தார்கள். வீட்டில் படுக்கையில் கிடக்கும் தகப்பனை, பிள்ளைப்பேற்றுக்கு இருக்கும் மகளை, பசறைக்குப் போன மகனை நினைத்து, ஆளாளுக்கு ஓடினார்கள். கதிரைகள் விழுந்தன. வெள்ளைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கோர்மாக் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் முகம் மழையில் நிற்கிறவன் முகம்போல மேலே நிமிர்ந்திருந்தது.

தனலெட்சுமி மேசையருகே வந்தாள். சீப்பைப் பார்த்தாள். இரண்டு அடி பின்வாங்கினாள்.

"எடுத்தது யாரு?"

துவாரகா கோர்மாக்கைக் காட்டினாள்.

"தெரியாம எடுத்தாரா, தெரிஞ்சு எடுத்தாரா? கேளுங்க டீச்சர்."

அவள் கேட்டாள். அழுகை ஓய்ந்திருந்தது. அவர் கண்ணைத் திறந்து, கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"தெரிந்துதான்" என்றார். "எனக்கு ஈரலில் நோய். டாக்டர்கள் இந்த வருடத்தைத் தாண்டாது என்கிறார்கள். அப்பா செத்தபோது எங்கள் ஊரில் அவள் அழவில்லை. அண்ணன் செத்தபோதும் அழவில்லை. டூலன் வீட்டுச் சாவுக்கு அவள் அழுது நூறு வருடமாகிறது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே வந்தவர் பின்னால் போய்விட்டாள் என்றும் சொல்வார்கள். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் நான்தான் கடைசி. விழா எடுப்பது எனக்கு விருப்பம்தான், அது பொய்யில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்தது அவளைத் தேடி. அவள் இன்னும் இருக்கிறாளா, எனக்காக அழுவாளா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது."

"உங்கடை பெயர் கேட்டுதோ?" துவாரகா தன்னையறியாமல் தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவருக்குப் புரிந்தது. தலையசைத்தார்.

"என் அம்மா கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்."

துவாரகா எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனலெட்சுமியின் முகம் இறுகியது.

"தனக்கு அழ ஆளு வேணும்னா, எங்க புள்ளைங்கள எதுக்குக் கூட்டி வச்சாரு? எத்தன பேரு நெஞ்சடச்சு ஓடுறாங்க பாருங்க. அவ தண்ணியில காச்சுனத எங்க ஆளுங்க வாயில ஊத்திட்டாரே! அதையும் என் கையால குடுக்க வச்சாரே!" அவள் குரல் உடைந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, கொஞ்சம் தணிந்து, "சொந்தம்னு யாருமே இல்லையாமா?" என்றாள்.

"ஒருத்தரும் இல்லையாம்."

தனலெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சீப்பைத் திருப்பிக் குடுக்கணும். எடுத்தவருதான் குடுக்கணும். கையால இல்ல, இரும்பால. இல்லேன்னா ராவெல்லாம் லயம் லயமா வந்து தேடுவா. வெளிச்சம் இருக்கறப்பவே போயிருவோம்."

யாரோ ஒரு வீட்டிலிருந்து கவ்வாத்துக் கத்தி கொண்டுவந்தார்கள். தேயிலைச் செடியை வெட்டும் நீளமான, கனத்த கத்தி. அதன் அலகில் சீப்பை ஏந்தி, சமைத்த சோற்றைக் கொண்டுபோவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோர்மாக் முன்னால் நடந்தார். பின்னால் தனலெட்சுமி. அவள் பின்னால் துவாரகா. வரவேண்டாம் என்று நப்ரீஸ் எவ்வளவோ சொன்னார். "இவர் சொல்றதை அவவுக்கும், அவ சொல்றதை இவருக்கும் ஆர் நானா சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள்.

மூடுபனி அவர்களுக்கு வழிவிட்டது. நடக்க நடக்க முன்னால் விலகி, பின்னால் மூடியது. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மேலே போகப் போகச் செடிகள் கவனிப்பாரற்று மரமாகியிருந்தன. மூன்று பேரின் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. பிறகு தண்ணீர் விழும் சத்தம் வந்தது.

பீலி மூங்கிலில் இல்லை, கல்லில் குடைந்திருந்தது. அதற்குக் கீழே பாசி பிடித்த ஒரு தட்டைக் கல். கல்லின் நடுவில் பாசி இல்லாமல், ஒருவர் உட்கார்ந்து எழும்பிய அளவுக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது.

"நீட்டச் சொல்லுங்க. முகத்தைப் பாக்க வேணாம்னு சொல்லுங்க."

கோர்மாக் கத்தியை நீட்டினார். துவாரகா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்டது அவருடைய சேற்றுச் சப்பாத்தை மட்டும்தான். தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயைத் திருகிப் பூட்டியதுபோல ஒரேயடியாக நின்றது. அந்த அமைதிக்குள் கூந்தலில் சீப்பு இழுபடும் சத்தம் ஒருமுறை கேட்டது. ஒரே ஒருமுறைதான். கோர்மாக் தன் பாஷையில் ஏதோ சொன்னார்; அது ஆங்கிலம் இல்லை. பிறகு தண்ணீர் மறுபடியும் விழுந்தது.

கத்தி வெறுமையாக இருந்தது. அதன் கனத்த நுனி, வெயிலில் வாடிய இலைபோலச் சுருண்டிருந்தது.

அவர் அங்கேயே நிற்கப் பார்த்தார். தனலெட்சுமி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தாள். "வாங்க தொரை. இன்னும் நேரம் இருக்கு, வாங்க." அவள் சொன்னதைத் துவாரகா மொழிபெயர்க்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. அவர் திரும்பி நடந்தார்.

கீழே வந்ததும் பங்களாப் படியில் மூவரும் உட்கார்ந்தார்கள். நப்ரீஸ் ஆளுக்கொரு சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கோர்மாக் மன்னிப்புக் கேட்டார்; ஒருமுறை அல்ல, மாற்றி மாற்றிப் பல வார்த்தைகளில். துவாரகா எல்லாவற்றையும் சொன்னாள்.

தனலெட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஊருக்குப் போகச் சொல்லுங்க. சொந்த மண்ணுல கண்ண மூடட்டும். சேதி வந்தா நாங்க அழுவோம். அவ இத்தன வருசமா எங்களுக்கு அழுதிருக்கா, இத ஒத்தையில அழ விட்டா நல்லாருக்காது."

இதைக் கேட்டதும் கோர்மாக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் அவர் விமானம் ஏறினார். லயங்களில் அந்த மாதம் யாரும் சாகவில்லை. பசறைக்குப் போன மகன்களும் திரும்பி வந்தார்கள். பிள்ளைப்பேற்றுக்கு இருந்தவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

கார்த்திகை மழை தொடங்கியபின் ஒருநாள் பாடசாலைக்குத் தொலைபேசி வந்தது. பசறையில் ஒரு கடையிலிருந்து தனலெட்சுமி பேசினாள்.

"தொரை போயிட்டாரு டீச்சர்."

"ஆர் சொன்னது?"

மறுபக்கத்தில் மழைச் சத்தம். "காலையில பெரட்டுல பேரு குடுத்துட்டு மலைக்கு ஏறி, கொழுந்துல கை வச்சிருப்போம். எல்லாரும் கேட்டோம். கூடையோட எறங்கி வந்துட்டோம். ஞாயித்துக்கிழம அழுவறோம். நீங்களும் வந்திருங்க."

மூன்று நாள் கழித்துத்தான் நப்ரீஸுக்கு அயர்லாந்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, கோர்மாக்கின் நண்பர் ஒருவர் அனுப்பியது. அதில் எழுதியிருந்த சாவு நேரத்தை இங்கத்தைய நேரத்துக்கு மாற்றிப் பார்க்க நப்ரீஸ் முயன்றார். "வேண்டாம் நானா" என்றாள் துவாரகா.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. லயத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறும் உடைத்த தேங்காயும் வைத்திருந்தார்கள். படம் இல்லை, கோர்மாக் விட்டுப்போன தொப்பியை ஒரு முக்காலியில் வைத்திருந்தார்கள். பெண்கள் சேறாயிருந்த தரையில் வட்டமாகக் குந்தி, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து ஆடினார்கள். தனலெட்சுமி எடுத்துக் கொடுத்தாள். கப்பலேறி வந்த மகனே, கட்டியழ ஆளில்லாத மகனே என்று அவள் கட்டிச் சொல்ல, மற்றவர்கள் இழுத்தார்கள். துவாரகாவுக்கு ஒப்பாரி தெரியாது. தனலெட்சுமிதான் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் இருத்தினாள்.

வலக்கையைத் தனலெட்சுமியின் தோளிலும், இடக்கையை அடுத்த பெண்ணின் தோளிலும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். சொல் தெரியாவிட்டாலும் ஓசை தெரிந்துவிட்டது. வெட்கம் போனது. யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே அவள் அழுதாள். யாழ்ப்பாணத்தில் கிடந்து செத்த, யாரும் போய்ச் சேரமுடியாமல் போன பெரியப்பாவுக்காக, அப்பாவுக்காக, தொப்பிக்காரருக்காக. இடப்பக்கத்துப் பெண்ணின் தோள் மெலிந்திருந்தது. அவள் கூந்தல் அவிழ்ந்து துவாரகாவின் கைமேல் கிடந்தது. சேற்றுத்தண்ணீரில் நனைந்திருக்கவேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவு குளிர்ந்திருந்தது. அவள் விம்மும்போது துவாரகாவின் கையும் ஏறி இறங்கியது.

ஒப்பாரி ஓய்ந்தது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் விட்டு, மூக்கைச் சிந்தி, எழுந்தார்கள். துவாரகா கண்ணைத் திறந்து இடப்பக்கம் பார்த்தாள்.

வட்டத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு அப்பால் உட்கார்ந்திருந்த கிழவி, எட்டினாலும் தோளில் கைவைக்க முடியாத தூரத்தில், சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவளும் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துவாரகாவின் இடக்கையில் முழங்கை வரை தண்ணீர் வழிந்தது.

தனலெட்சுமி தோளில் கிடந்த துவாயை எடுத்து அவள் கையைத் துடைத்துவிட்டாள். ஒவ்வொரு விரலாக, குழந்தைக்குத் துடைப்பதுபோல.

"சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர்" என்றாள். "கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கு."